பெயர்ப்பலகையில் மூன்று பேர், வரைந்தது யார்?

மழைத்தூறல்:
கிளாஸ்கோ பக்கத்தில் ஈஸ்ட் கில்பிரைடில் இருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது செயின்ட் பிரைட்ஸ் தேவாலயம் தெரியும். மொட்டையாக ஒரு செங்கல் சுவர், அவ்வளவுதான். ஆறு மாதம் அதை ஏதோ மின்வாரியக் கட்டடம் என்றே நினைத்திருந்தேன். போன வாரம் உள்ளே போனதும் வாயடைத்துப் போனது. வெளிச்சம் எங்கிருந்து இறங்குகிறது என்றே சட்டென்று பிடிபடவில்லை. வடிவமைத்தது 'கில்லெஸ்பி, கிட் அண்ட் கோயா' என்ற கட்டடக்கலை அலுவலகம் என்கிறார்கள். ஆனால் கில்லெஸ்பி 1926இலும் கிட் 1928இலும் இறந்துவிட்டார்களாம். தேவாலயமோ 1960களில் வந்தது. இது என்ன கணக்கு?

வரைபலகை:
கணக்கு சரிதான் தம்பி. நான் முப்பது வருஷம் வரைபடம் போட்டவன். என் பெயர் ஒரு தாளிலும் இருக்காது. அதனால் இந்தக் கதை எனக்கு மனப்பாடம்.

அது ஜேம்ஸ் சால்மன் 19ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்த அலுவலகம். கைமாறிக் கைமாறி கில்லெஸ்பி, கிட் இருவரிடம் வந்தது. 1915இல் அங்கே தொழில் பழகச் சேர்ந்த பையன்தான் ஜாக் கோயா, இத்தாலியக் குடும்பம். பெரியவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போக, முப்பது வயதுக்குள் மொத்த அலுவலகமும் அவர் தலையில். கத்தோலிக்க தேவாலய வேலைகளைப் பிடித்துத்தான் அதை ஓட்டினார்.

1945இல் இசி மெட்ஸ்டீன் தொழில் பழக வந்தார். பெர்லினில் பிறந்த யூதர். 1939இல் நாஜிகளிடமிருந்து காப்பாற்றக் குழந்தைகளை மட்டும் ரயிலேற்றி பிரிட்டனுக்கு அனுப்பினார்களே, அதில் தப்பி வந்தவர். 1954இல் கிளாஸ்கோ மேரிஹில்காரர் ஆண்டி மக்மில்லன் சேர்ந்தார். இருவரும் 1928இல் பிறந்தவர்கள். 1957இல் கிளென்ராத்தஸ் ஊரின் செயின்ட் பால்ஸ் தேவாலயம் தொடங்கி, நீங்கள் பார்த்த தேவாலயம் உட்பட, வரைந்ததெல்லாம் இந்த ஜோடிதான். பலகையில் பெயர் ஏறவே இல்லை. 1969இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தின் ராயல் தங்கப் பதக்கமும் கோயாவுக்குத்தான் போனது.

கோயாவைத் திட்டிவிடாதீர்கள். வேலை கொண்டுவந்தது அவர், சின்னப் பசங்களை நம்பிப் பென்சிலைக் கொடுத்ததும் அவர். எத்தனை முதலாளி அதைச் செய்வார்?

ஓதம்:
ஆஹா ஓஹோ எல்லாம் சரி, மழைத்தண்ணீர் ஒழுகியதை யார் சொல்வது? கார்ட்ராஸ் கிராமத்தில் கத்தோலிக்கக் குருவாகப் படிப்பவர்களுக்கு இதே ஜோடி வரைந்த செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரி 1966இல் முடிந்து 1980இல் மூடியாயிற்று. 14 வருஷம்! இப்போது கூரை போய் வெறும் கான்கிரீட் எலும்புக்கூடு.

வரைபலகை:
ஒழுகியது உண்மை, மறுக்கவில்லை. ஸ்காட்லாந்து மழைக்கு அந்தக் கூரை ஈடுகொடுக்கவில்லை. ஆனால் மூடியதற்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் நடைமுறைகளை மாற்றிய ஆயர்கள் மாநாடு, கூடியது. குருக்களை ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்துப் பயிற்றுவிக்கும் எண்ணமே மாறியது. சேர ஆளும் குறைந்தது. கட்டடம் ஒருநாளும் நிரம்பவில்லை. 1992இல் அதற்கே பழைய கட்டடங்களுக்கான மிக உயர்ந்த 'ஏ' பிரிவுப் பாதுகாப்புத் தகுதி கொடுத்தார்கள், அது வேறு வேடிக்கை.

கோயா 1981இல் இறந்தார், 1987இல் அலுவலகமும் மூடியது. மக்மில்லன் ஏற்கெனவே கிளாஸ்கோவின் மெக்கின்டாஷ் கட்டடக்கலைப் பள்ளிக்குத் தலைவராகியிருந்தார்.

மழைத்தூறல்:
நன்றி ஐயா. இன்னொரு சந்தேகம்: பழைய படத்தில் தேவாலயத்தின் பக்கத்தில் உயரமாக ஒரு செங்கல் மணிக்கோபுரம் நிற்கிறதே, நான் பார்த்தபோது இல்லையே?

வரைபலகை:
1983இல் இடித்துவிட்டார்கள். அடுத்த முறை போனால் அந்த மொட்டைச் சுவர் பக்கத்தில் கோபுரத்தை மனசுக்குள் நிறுத்திப் பாருங்கள். அப்போது மின்வாரியம் மாதிரித் தெரியாது.