இயற்கைத் தேர்வு: விளையாட்டு புரிகிறது, கருத்து புரியவில்லை

கேள்வி:
இயற்கைத் தேர்வை, அதாவது சூழலுக்குப் பொருந்தும் பண்புடையவை அதிகம் பிழைத்துப் பெருகுவதை விளக்க, பூப்போட்ட துணியில் வண்ணக் காகித வட்டங்களைப் பூச்சிகளாகத் தூவி, மாணவர்களைப் பறவைகளாக்கிப் பொறுக்கச் செய்தேன். உற்சாகமாகவே செய்தார்கள், ஆயினும், "தப்புவதற்காகப் பூச்சிகள் நிறத்தை மாற்றிக்கொண்டன" என்றே பலரும் எழுதியிருந்தார்கள். பிழை எங்கே?

மறுமொழி 1:
ஒரே சுற்றோடு நிறுத்தியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இனப்பெருக்கம் இல்லையென்றால் அது வெறும் கண்ணாமூச்சிதான். 5 நிறங்களில் 20 வட்டங்கள் வீதம் தூவி, 25 மட்டும் எஞ்சும்வரை பொறுக்கச் செய்து, எஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் 3 குஞ்சுகளைச் சேர்த்தால் மீண்டும் 100 ஆகும். மூன்றாம் தலைமுறையில் துணியோடு ஒன்றிய நிறம் பெருகியிருக்கும்; ஆனால் எந்த வட்டமும் நிறம் மாறவில்லை என்பதை அவர்களே எண்ணி அறிவார்கள்.

மறுமொழி 2:
கூடவே பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகளில் வாழும் குருவிகளையும் சொல்லுங்கள். 1977 வறட்சியில் அங்குள்ள டாப்னே மேஜர் தீவில் சிறிய விதைகள் அருகியபோது, தடித்த அலகுடையவையே அதிகம் பிழைத்தன; எந்தக் குருவியும் அலகை வளர்த்துக்கொள்ளவில்லை.

கேட்டவர்:
நன்றி. முதல் சுற்றிலேயே ஒரு நிறம் அற்றுப்போனால், மீண்டும் சேர்க்கலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். அடுத்த சுற்றில் அந்த நிறத்துத் துணியையே விரித்து, அப்போதும் அது திரும்பி வராததைக் காட்டுங்கள். திடீர்மாற்றம் (மரபுப் பண்பில் தற்செயலாக நேரும் மாற்றம்) பற்றிய கேள்வியை மாணவர்களே எழுப்புவார்கள்.