புதுப்பிப்பு: வலிப்பு மாத்திரைக்குப் பின் காய்ச்சல், தடிப்பு, முகவீக்கம்

மகளுக்கு கார்பமஸெபின் ஆரம்பித்த சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் செந்தடிப்பு, கழுத்தில் நெறி என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருந்தேன். அம்மைதான் என்று அப்பத்தா வீட்டு வாசலில் வேப்பிலைகூடச் செருகிவிட்டார். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது தேறிவிட்டாள்.

கைகொடுத்தது, நர்ஸாக இருக்கும் அக்கா சொன்னதுதான்: "காத்திருக்காதீர்கள். மாத்திரை அட்டையோடு இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுவும் கல்லீரலும் பார்க்கச் சொல்லுங்கள்." மதுரைக்குப் போனோம். இரண்டுமே எகிறியிருந்தன. டிரெஸ் என்றார்கள். தோலோடு நிற்காமல் உள்ளுறுப்பையும் தாக்கும் மருந்து ஒவ்வாமை. பெரும்பாலும் 2 முதல் 8 வாரத்துக்குள் வருவதால் மாத்திரை மேல் சந்தேகமே எழுவதில்லை. உடனே நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்து, வலிப்புக்கு லெவெடிரசெட்டாம் மாற்றினார்கள். ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடால், ஆக்ஸ்கார்பஸெபின், லாமோட்ரிஜின் ஆகிய வலிப்பு மருந்துகள் எல்லாம் இவளுக்கு இனி ஆகாது. வேதி அமைப்பில் இவையும் கார்பமஸெபினும் ஒரே குடும்பம். கல்லீரல் தேறும்வரை வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் வேண்டாம் என்றார்கள்.

எதிர்பாராதது: ஸ்டீராய்டைக் குறைத்ததும் தடிப்பு திரும்பியது. அளவை ஏற்றி, அப்புறம் மிக மெதுவாகக் குறைத்தார்கள். புது மருந்தில் கொஞ்சம் சிடுசிடுப்பு இருக்கிறது, டாக்டருக்குத் தெரியும். தைராய்டு பின்னால் பாதிக்கப்படலாம் என்பதால் சில மாதம் கழித்து அதையும் பார்க்க வேண்டும்.

தேடி வருபவர்களுக்கு: வாயில், கண்ணில் புண்ணோ தோலில் கொப்புளமோ வந்தால் அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற, உயிருக்கே ஆபத்தான மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம், ராத்திரியானாலும் கிளம்புங்கள். ஆகாத மருந்துப் பட்டியலை அவளுடைய பள்ளி டைரியில் ஒட்டியிருக்கிறோம்.