பிறந்த நிமிடத்திலேயே மார்க்

என் மகள் பிறந்தபோது டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஆப்கார் 7, 9' என்று இருந்தது. "பொறந்ததுமே மார்க்கா?" என்று அம்மா கேட்டார். ஏதோ மருத்துவச் சுருக்கெழுத்து என்று நினைத்தேன். அது வர்ஜீனியா ஆப்கார் என்ற நியூயார்க் மயக்க மருந்து டாக்டரின் பெயராம்! இந்த மார்க்கோடு உங்களுக்கு அனுபவம் உண்டா?

—

லேபர் வார்டில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தேன். முதல் நிமிடத்து மார்க் 7, ஐந்தாவது நிமிடத்து மார்க் 9. 7 நல்ல மார்க்தான், கவலை வேண்டாம். இதயத்துடிப்பு, மூச்சு, கைகால் அசைவு, தூண்டினால் முகம் சுளிப்பது, நிறம் என ஐந்து; ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. முதல் நிமிடத்தில் முழு 10 வாங்கும் குழந்தை அபூர்வம். உள்ளங்கையும் பாதமும் நீலமாகத்தான் இருக்கும், நிறத்தில் ஒரு மார்க் போய்விடும்.

ஒரு ராத்திரி துணி மாதிரித் துவண்டு வந்தது ஒரு குழந்தை. மார்க் போடும்வரை யார் காத்திருப்பார்கள்? துடைத்து, முதுகைத் தேய்த்து, பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தோம். முதல் நிமிடம் 3, ஐந்தாவது நிமிடம் 8. அந்த 8-ஐ எழுதும்போதுதான் என் கை நடுங்கியது.

—

நான் மயக்க மருந்து டாக்டர். ஆப்கார் சர்ஜனாகத்தான் ஆசைப்பட்டார். அவருடைய தலைமை சர்ஜன் ஆலன் விப்பிள், இந்தப் பக்கம் போ என்று திருப்பிவிட்டார். அப்போது அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாலும் நர்ஸ்கள் வேலை. டாக்டர்களுக்கு அதில் மரியாதை இல்லை. 1938-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்துப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார், 1949-ல் அந்த மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் பேராசிரியர் ஆனார்.

ஒரு நாள் காலைச் சாப்பாட்டில், பிறந்த குழந்தையை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு மாணவர் கேட்டாராம். ஆப்கார் கையில் கிடைத்த தாளில் ஐந்தையும் கிறுக்கிக் காட்டிவிட்டு, சோதித்துப் பார்க்க லேபர் வார்டுக்கே கிளம்பிவிட்டார். 1953-ல் கட்டுரை வந்தது. எனக்கு அதில் பிடித்த இடம்: சிசேரியனில், முதுகில் ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகள் முழு மயக்கத்தில் பிறந்தவர்களைவிடக் கூடுதல் மார்க் வாங்கினார்கள். தாய்க்குக் கொடுப்பது பிள்ளைக்கும் போகிறது என்பதை எண்ணாக்கிக் காட்டிய மனுஷி.

சிசேரியனில் நான் தாயின் தலைமாட்டில்தான் இருப்பேன். திரைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. குழந்தை வீறிட்டு அழுவது தியேட்டர் முழுக்கக் கேட்டாலும், என்னைப் பார்த்து ஒரு தடவை கேட்டுவிடுவார்கள்: "பாப்பா அழுதுச்சா டாக்டர்?"