சிவப்பு ஏற்றினால் கேனரிக்குக் கருவளமும் ஏறுமா?

கூண்டுக்குருவி:
ரெட் ஃபேக்டர் (சிவப்பு ஏறும் வகை) கேனரி ஜோடி. இறகு உதிரும் சமயம் கேந்தாக்சாந்தின் (கரோட்டினாய்டு வகைச் சிவப்பு நிறமி) கொடுத்ததில் ஆண் செக்கச்செவேல் என்று இருக்கிறது. ஆனால் 5 முட்டையில் 4 கூமுட்டை. நிறம் தூக்கலான ஆணுக்கு விந்தும் வீரியமாக இருக்கும் என்கிறார்களே, டோஸைக் கூட்டிப் பார்க்கலாமா?

நிறமி:
கூட்டவே வேண்டாம். இறகு முளைக்கும்போது ரத்தத்தில் ஓடிய நிறமிதான் அதில் படியும். முளைத்து முடிந்தபின் அது நகம் மாதிரி, உயிரில்லாத பொருள். இப்போது கொடுப்பது எச்சத்தைத்தான் சிவப்பாக்கும். 10 சதவீதத் தூள் என்றால் கிலோ முட்டைத் தீனிக்கு 10 கிராம், இறகு உதிரும் 6–8 வாரம் மட்டும். மீறினால் நிறம் பழுப்போடிக் கருத்துவிடும். தோல் நிறத்துக்காக இதையே மாத்திரையாக விழுங்கிய மனிதர்களுக்கு விழித்திரையில் படிகம் படிந்திருக்கிறது.

மஞ்சள்மார்பு:
அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை. ஐரோப்பியப் பட்டாணிக்குருவியில் 2010-இல் சோதித்தார்கள். கூட்டில் குஞ்சுகளைக் கூட்டி ஆணுக்கு வேலைப்பளு ஏற்றியபோது, மார்பு வெளிறிய ஆண்களின் விந்தணுதான் அதிகம் தளர்ந்தது. கரோட்டினாய்டு கொடுத்தவற்றில் தேறியது. ஆனால் அவை தாமே இரை தேடி நிறம் பெற்றவை. கூண்டில் எல்லா ஆணுக்கும் ஒரே டப்பாத் தூள், பிறகு நிறம் எதைச் சொல்லும்? இன்னொன்று: ரிசஸிவ் வெள்ளைக் (தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வெள்ளை மரபணு வந்த) கேனரியால் கரோட்டினாய்டை உடலில் ஏற்றவே முடியாது. கரோட்டினாய்டிலிருந்து கிடைக்க வேண்டிய வைட்டமின் ஏ-வைத் தனியாகக் கொடுத்தால் அதுவும் குஞ்சு பொரிக்கத்தான் செய்கிறது.

(சேவல் கொண்டையை இதில் சேர்க்காதீர்கள். அந்தச் சிவப்பு தீனி நிறமி இல்லை, ரத்தம்.)

நிறமி:
பறவை விந்தணுவின் சவ்வில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகம். அதைக் காப்பதில் முன்னால் நிற்பது வைட்டமின் ஈ. கோதுமை முளை எண்ணெய் கிலோ விதைக்கு ஒரு டீஸ்பூன், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். சிக்கடித்த எண்ணெய் இருக்கிற வைட்டமினையும் தின்றுவிடும்.

அதற்கும் முன்னால் பறவை உட்காரும் கம்பை ஆட்டிப் பாருங்கள். உருண்டால் ஆணால் பிடித்து ஏற முடியாது. நகம் நீண்டிருந்தாலும், ஆசனவாயைச் சுற்றி இறகு அடர்ந்திருந்தாலும் இதே கதை. வெளிச்சத்தை வாரம் அரை மணி நேரமாக ஏற்றி 14 மணி நேரத்தில் நிறுத்துங்கள்.

கூண்டுக்குருவி:
கம்பு லேசாக உருளுகிறதுதான். 7-ஆம் நாள் டார்ச் அடித்ததில் மூன்று முட்டை தெளிவு, ஒன்றில் மெல்லிய சிவப்பு வளையம்.

மஞ்சள்மார்பு:
வளையம் தெரிந்த முட்டையில் கரு உருவாகிச் செத்திருக்கிறது. அதில் ஆணைக் குறை சொல்ல முடியாது. பெட்டை இரவில் கூட்டை விட்டு எழுகிறதா பாருங்கள். மிச்சம் மூன்றுக்கு, முதலில் கம்பை இறுக்குங்கள்.