அந்தக் காலக் கணினி விளம்பரங்களும் நாமும்: அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்

பழையபேப்பர்:

பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏறி மூன்று நாளாகிவிட்டது. பரண் அப்படியேதான் இருக்கிறது. ஓர் அட்டைப்பெட்டி நிறைய 80-களின் கணினி இதழ்கள் அகப்பட்டன. அவ்வளவுதான், துடைப்பம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கட்டுரை எதையும் படிக்கவில்லை. விளம்பரங்களை மட்டும் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கீழேயிருந்து இரண்டு முறை "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டார்கள்.

முதலில் கண்ணில் பட்டது எக்ஸ்காம்ப் என்ற நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்க். 10 எம்பி, விலை 3,398 டாலர். "நீங்கள் காத்துக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்" என்று பெருமையாக வேறு போட்டிருக்கிறார்கள். ஒரு எம்பிக்கு ஏறக்குறைய 340 டாலர். அன்று அதைப் பார்த்து யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், பெருமூச்சுதான் விட்டிருப்பார்கள். நானே விட்டவன்தான்.

ஆனால் முதல் பரிசு ஹனிவெல் நிறுவனத்தின் சமையலறைக் கணினிக்குத்தான். இது என் பெட்டியில் இல்லை, அதைவிடப் பழசு. 1969-இல் அமெரிக்காவின் நீமன் மார்கஸ் கடை வெளியிட்ட கிறிஸ்துமஸ் கேட்டலாக்கில் வந்தது. விலை 10,600 டாலர். ஹனிவெல் கணக்குப் போடுகிற அளவுக்கு இவளுக்குச் சமைக்கவும் வந்தால் எப்படி இருக்கும் என்ற பொருளில் மேலே ஒரு வரி. (எழுதியவருக்கு அன்று இரவு வீட்டில் சாப்பாடு கிடைத்திருக்காது.) இயந்திரத்தோடு காய் நறுக்க ஒரு பலகை, ஏப்ரன், சமையல் குறிப்புகள், கூடவே இரண்டு வாரப் பயிற்சி வகுப்பு. பயிற்சி எதற்கு? அதில் திரையும் கிடையாது, தட்டச்சுப் பலகையும் கிடையாது. வரிசையாகச் சுவிட்சுகள், வரிசையாக விளக்குகள். கேள்வியை ஒன்றும் பூஜ்யமுமாகத் தட்ட வேண்டும், பதிலை விளக்கு எரிவதையும் அணைவதையும் வைத்துப் படிக்க வேண்டும். கை நிறைய மாவோடு இதைச் செய்து பார்த்தவர் எவருமில்லை. ஏனென்றால் ஒன்றுகூட விற்றதாகப் பதிவு இல்லை.

சரி, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். 1977-இல் ஆப்பிள் 2 வந்தபோதும் விளம்பரத்தில் சமையலறைதான். கணவர் மேசையில் கணினியோடு உட்கார்ந்திருக்கிறார், மனைவி பின்னால் வேலை செய்தபடி அவரைப் பார்த்துப் பூரிக்கிறார். உள்ளே படித்தால் வருமான வரிக்குப் பக்கத்தில் மறுபடி சமையல் குறிப்பு! ஏன் எல்லாருக்கும் இதே நினைப்பு? உங்கள் வீட்டுக் கணினியில் யாராவது சமையல் குறிப்பு சேமித்ததுண்டா?

ஒருகேபி:

அண்ணே, உங்களுக்குச் சமையல் குறிப்பு. எங்கள் வீட்டுக்கு வந்தது மின் நிலையம்.

1980-இல் சின்க்ளேர் இசட்எக்ஸ்80 வந்தது. 100 பவுண்டுக்குள் ஒரு கணினி என்பதே அன்று அதிசயம். போதாததற்கு, சதுரங்கம் ஆடுவது முதல் மின் நிலையத்தை நடத்துவது வரை எதை வேண்டுமானாலும் இது செய்யும் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். நினைவகம் எவ்வளவு? 1 கேபி. தமிழில் ஓர் எழுத்துக் குறிக்கு, இன்று கணினியில் எழுத்துகளைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில், 3 பைட் பிடிக்கும். அப்படியானால் 1 கேபியில் 341 குறிகள். நான் எழுதும் இந்தப் பதிவே அதற்குள் அடங்காது, மின் நிலையம் எங்கே அடங்கும்? ஒவ்வொரு சாவியை அழுத்தும்போதும் திரை ஒரு கணம் அணைந்து எரியும். படம் காட்டுவதையும் யோசிப்பதையும் ஒரே சிப் பார்த்துக்கொண்டதால், யோசிக்கும்போது படம் காட்ட முடியாது.

அப்பா அந்த விளம்பரத்தைக் கத்தரித்து டைரிக்குள் வைத்திருந்தார். கடைசியில் வாங்கியது வேறொரு இயந்திரம், கொஞ்சம் பின்னால் வந்தது. பெயர் வேண்டாம். பின்பக்கத்தில் கூடுதல் நினைவகப் பெட்டி ஒன்றைச் செருக வேண்டும், அந்தப் பெட்டி ஆடும். ஆடினால் எல்லாம் போய்விடும். இதழில் அச்சடித்திருந்த நிரலை வரி வரியாகப் பார்த்து இரண்டரை மணி நேரம் தட்டச்சு செய்தேன். ஒரு குட்டி விண்கலம் கல்லைச் சுடும், அவ்வளவுதான் அதன் கதை. கடைசி வரிக்கு வந்தபோது அக்கா கதவைச் சாத்தினாள். வேகமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான். திரை வெள்ளையானது. நான் அழவில்லை என்று அக்கா இன்றும் எல்லாரிடமும் சொல்கிறாள், அதைச் சொல்லும்போது சிரிக்கிறாள்.

அதற்குப் பிறகு பெட்டிக்கு அடியில் அழிரப்பர், மேலே ரப்பர் பேண்ட், பக்கத்தில் சூயிங்கம் என்று முட்டுக்கொடுத்து ஓட்டினோம். அந்த அறைக்குள் யாரும் கால் ஊன்றி நடக்கக் கூடாது. அப்பாவுக்கு அந்த மின் நிலைய வரி மட்டும் மறக்கவே இல்லை. இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போனால் அவர் சொல்வது ஒன்றுதான்: "அங்கே யாரோ கதவைச் சாத்திட்டாங்க போல."

தோள்வலி:

கைக்கு அடக்கமான கணினி விளம்பரங்களை யாரும் சொல்லவில்லையே? 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1 பாருங்கள். 1,795 டாலர், எடை 11 கிலோ, திரை 5 அங்குலம், மின்கலம் கிடையாது. விளம்பரத்தில் இரண்டு பேர் நடந்து போவார்கள், ஒருவர் கையில் ஆஸ்போர்ன். இடது பக்கம் வருபவருக்கு வாய்ப்பே இல்லை என்று தலைப்பு. விமான இருக்கைக்கு அடியில் நுழையும் என்பதும் உண்மைதான். இருக்கைக்கு அடியில் நுழைந்த பிறகு அதைச் செருக அங்கே பிளக் ஏது?

இதே எடையில் எங்கள் அலுவலகத்திலும் ஒன்று இருந்தது. "போர்ட்டபிள்" என்றால் கைப்பிடி இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம் என்பதை இரண்டாவது மாடி ஏறும்போது புரிந்துகொண்டேன். அந்தப் படத்தில் வருகிற ஆள் எப்படித் தோள் சாயாமல் சிரித்துக்கொண்டே நடக்கிறார்? உள்ளே ஒன்றும் வைக்காமல் வெறும் கூட்டைக் கொடுத்துத்தான் படம் எடுத்திருப்பார்கள் என்பது என் கட்சி.

தேவையானஅளவு:

பழையபேப்பர் கேட்ட கேள்விக்கு நான் கை தூக்குகிறேன். சமையல் குறிப்பு சேமித்தது எங்கள் வீட்டில்தான்.

எனக்கு அப்போது 12 வயது. கணினி வாங்கித் தர அம்மாவைச் சம்மதிக்க வைக்க, விளம்பரத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன்: "உங்க சமையல் எல்லாத்தையும் இதுல வெச்சுக்கலாம்மா. நாலு பேருக்கு உள்ளதைப் பத்து பேருக்குன்னு கேட்டா அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும்." வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் விளையாட்டைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. ஒருநாள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். "எங்கே, என் சமையலைக் காட்டு."

அன்று இரவே பேசிக் என்ற நிரல்மொழியில் ஒரு நிரல் எழுதினேன். பொருளின் பெயர் கேட்கும், அளவு கேட்கும், எத்தனை பேருக்கு என்று கேட்டுப் பெருக்கும். மறுநாள் அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அரிசி, சரி. தண்ணீர், சரி. உப்பு?

"தேவையான அளவு."

"அளவு சொல்லுங்கம்மா."

"அதான் சொல்றேனே, தேவையான அளவு."

வேறு வழியில்லாமல் அதையே ஆங்கில எழுத்தில் தட்டினேன். எண் கேட்ட இடத்தில் எழுத்து வந்தால் அந்தக் கால பேசிக் ஒரே பதில்தான் சொல்லும்: "ரீடூ ஃப்ரம் ஸ்டார்ட்." அம்மா அர்த்தம் கேட்டார்கள். முதலிலிருந்து மறுபடி செய்யச் சொல்கிறது என்றேன். அம்மா திரையை ஒரு நிமிடம் பார்த்தார்கள். "உப்பு போடறதுக்குள்ளேயே முதல்லேர்ந்தா? இது சாப்பிட்டே பார்க்கலையே!" என்று எழுந்து போய்விட்டார்கள். அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை.

ஒரு "சிட்டிகை"க்கு என்ன எண் போடுவது என்று இன்றும் எனக்குத் தெரியாது. நான் இப்போது தரவுத்தளம் வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன். அளவு என்ற புலத்தில் எண் மட்டும்தான் வரும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

படிப்புக்குத்தான்:

மேலே எழுதியவரின் அம்மா சாமர்த்தியசாலி. எங்கள் வீட்டில் பெற்றோரைப் பயமுறுத்தித்தான் வாங்க வைத்தார்கள். கொமடோர் என்ற கணினி நிறுவனம் 80-களின் தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தது. பையன் ரயிலேறிக் கல்லூரிக்குப் போகிறான், தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பி வருகிறான், வீட்டில் கணினி இல்லாமல் வளர்ந்ததுதான் காரணம் என்று சாடையாகக் குத்துகிறார்கள். இதைப் பார்த்த பிறகு எந்த அப்பா தூங்குவார்?

இன்னொரு பக்கம் 'ஸ்டார் ட்ரெக்' விண்கலத் தொடரில் கேப்டனாக நடித்த வில்லியம் ஷாட்னர் கொமடோரின் விக்-20 கணினியைக் காட்டி, வெறும் வீடியோ கேம் மட்டும் ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டார். அந்த வாதத்தை நானும் தம்பியும் வக்கீல் மாதிரி எடுத்து வைத்தோம். வாங்கி வந்த அன்று மாலை முதல் அது வெறும் வீடியோ கேம்தான். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் ஒரு சாவி, திரையில் பதினேழாம் வாய்ப்பாடு ஓடும். விளையாட்டோடு வாய்ப்பாட்டையும் ஒட்டி நாங்களே எழுதியது. நிரல் எழுதக் கற்றுக்கொண்டது அதற்காகத்தான் என்பதால் அப்பாவின் பணம் வீண் போகவில்லை என்று தம்பி வாதாடுகிறான். பதினேழாம் வாய்ப்பாடு இன்னும் எனக்கு வராது.

கவுன்டர்காரன்:

நான் எதிர்ப்பக்கம். அந்தப் பெட்டிகளை விற்றவன். அடிக்காதீர்கள், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எங்களுக்கும் தெரியாது.

வருகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "இது என்ன செய்யும்?" மிக்ஸி விற்பவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. என்ன வேண்டுமானாலும் செய்யும் என்று பதில் சொல்லுவோம். அதற்கு அர்த்தம், வாங்கிய அன்று ஒன்றும் செய்யாது என்பதுதான். தயாரித்தவர்களுக்கே தெரிந்திருந்தால் ஆப்பிள் 1979-இல் அந்தப் போட்டியை வைத்திருக்குமா? ஏவாள் இருக்கவேண்டிய இடத்தில் கணினியை வைத்துக்கொண்டு ஆதாம் நிற்கிற மாதிரி ஒரு விளம்பரம். ஆதாமுக்குப் பிறகு ஆப்பிளைப் புதுமையாகப் பயன்படுத்தியவர் யார், 1,000 சொற்களுக்குள் எழுதி அனுப்புங்கள் என்றார்கள். விற்றவனே வாங்கியவனிடம் "அதை வைத்து என்னப்பா செய்கிறாய்?" என்று கேட்டுப் பரிசும் தருகிறேன் என்றால், கவுன்டரில் நின்ற நான் என்ன செய்ய முடியும்?

சமையல் குறிப்புக்கு என் விளக்கம் இது. ஒரு சாதாரண வீட்டில் கோப்பு மாதிரி அடுக்கி வைத்திருக்கிற தகவல் என்று எதைச் சொல்வது? வரவு செலவு நோட்டு ஒன்று, சமையல் குறிப்பு இன்னொன்று. விளம்பரம் எழுதுகிறவர் வீட்டைச் சுற்றிப் பார்த்திருப்பார், இந்த இரண்டும்தான் கண்ணில் பட்டிருக்கும். ஆண் வந்தால் முதலாவதைச் சொல், பெண் வந்தால் இரண்டாவதைச் சொல் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருமுறை மாற்றிச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கணக்குத் தணிக்கையாளர். அன்றைக்கு மட்டும் இரண்டு கணினி விற்றேன்.

ஐபிஎம் மட்டும் கெட்டிக்காரத்தனம் செய்தது. 1981-இல் வந்த தன் பிசிக்குச் சார்லி சாப்ளினின் நாடோடி வேடத்தைப் பிடித்துக்கொண்டது. மனிதனை இயந்திரம் விழுங்குவதைக் காட்டிக் கேலி செய்த அதே வேடம்! இதை அங்கே யாருமே யோசிக்கவில்லையா என்று அப்போதே கேட்டேன். வாயை மூடிக்கொண்டு போஸ்டரை ஒட்டு என்றார் மேலாளர்.

கடற்கரைஃபேக்ஸ்:

எல்லாரும் சிரிக்கிறீர்கள், நான் கொஞ்சம் வக்காலத்து வாங்குகிறேன். 1993-இல் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் ஒரு விளம்பர வரிசை விட்டது. வெகு தொலைவிலிருக்கும் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்திருக்கிறீர்களா, திரை பார்த்து வழி கண்டுபிடித்து வண்டி ஓட்டியிருக்கிறீர்களா, இனி செய்வீர்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். ஏறக்குறைய எல்லாம் பலித்துவிட்டது. என்ன, எங்கள் மூலம்தான் வரும் என்றார்கள், பெரும்பாலானவை வேறு ஆட்கள் மூலம் வந்தன.

அதில் கடற்கரையில் படுத்தபடி ஃபேக்ஸ் அனுப்பும் காட்சியும் ஒன்று. அதுதான் என் செல்லம். எதிர்காலத்தின் வசதி எல்லாவற்றையும் சரியாகக் கணித்தவர்களுக்கு, ஃபேக்ஸ் மட்டும் சாகும் என்று தோன்றவில்லை.

பழையபேப்பர்:

எல்லாருக்கும் நன்றி. கவுன்டர்காரன் சார், உங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன், அந்தத் தணிக்கையாளருக்கு என் வணக்கம்.

ஹார்ட் டிஸ்க் விளம்பரத்தைப் படம் எடுத்துப் போடச் சொல்லி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பரணில் வெளிச்சம் போதவில்லை, முதல் படம் மங்கலாக வந்தது. இரண்டாவது பரவாயில்லை. ஒன்று 5.2 எம்பி, இன்னொன்று 5.6. அந்த 3,398 டாலர் டிஸ்க்கில் தன் விளம்பரத்தையே இரண்டு தடவை வைக்க இடம் இல்லை. மங்கலானதை அழித்துவிட்டேன். நல்லதைக் கீழே இணைத்திருக்கிறேன், ஓரத்தில் தெரிவது துடைப்பம்.