வழவழப்பு எண்ணா, நொய்யெண்ணா?

வணக்கம். பெரிய பகாக் காரணி ஏதும் இல்லாத எண்ணை ஆங்கிலத்தில் 'ஸ்மூத் நம்பர்' (smooth number) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'ஸ்மூத் நம்பர்' என்பதற்கு 'வழவழப்பு எண்' போதுமே. மூலச்சொல்லுக்கு நெருக்கமாகவும் இருக்கிறது.

நெருக்கம்தான் ஐயா, ஆனால் எண்ணில் எது வழவழக்கிறது என்று மாணவர் கேட்டால் என்ன சொல்வது? தமிழில் 'வழவழ' என்றதும் 'கொழகொழ' கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். அதோடு நுண்கணிதத்தில் வரும் 'ஸ்மூத்' சார்புக்கும் இதற்கும் உறவே இல்லை. இரண்டுக்கும் ஒரே அடைமொழி வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பொருளிலிருந்து தொடங்குவோம். 720720-ஐப் பாருங்கள். 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் இது. பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. வகுத்திகள் 240. இவ்வளவு பெரிய எண்ணில் 13-ஐத் தாண்டிய பகாக் காரணி ஒன்றுகூட இல்லை. ஒன்று கூட்டி 720721 ஆக்கினால் கதையே வேறு: 71 × 10151, அவ்வளவுதான். இரண்டும் பகா எண்கள், வகுத்திகள் நான்கே. முன்னது தூளாக உதிர்கிறது, பின்னது இரண்டு பாறையாகப் பிளக்கிறது.

> 'சிறுகாரணி எண்' எளிமையாக இருக்குமே?

எளிமைதான், ஆனால் பிழை. 20302-க்கும் 2 என்ற சிறு காரணி உண்டு, மிச்சம் 10151. சிறு காரணி இருப்பது பெரிதில்லை, பெரிய பகாக் காரணி இல்லாதிருப்பதே இலக்கணம்.

என் பரிந்துரை: நொய்யெண். நொய் என்றால் நுண்மை. நொய்மை என்றால் வலுவின்மையும்கூட. இரண்டாம் பொருளும் இங்கே வீணாகவில்லை. ஒரு பகா எண்ணிலிருந்து 1 கழித்தால் நொய்யெண் வருமானால், அந்தப் பகா எண்ணைக் காரணியாகக் கொண்ட பெரிய எண்ணைக் கணிதவியலாளர் ஜான் பொல்லார்டின் 1974-ஆம் ஆண்டு முறையால் விரைவில் உடைத்துவிடலாம். பெரிய எண்ணைக் காரணிகளாக உடைப்பது கடினம் என்பதை நம்பிச் செய்திகளை மறைக்கும் மறையீட்டியலார் அஞ்சுவது இந்த நொய்மைக்குத்தான்.

சொல் கிளைக்கவும் செய்கிறது: நொய்மை, நொய்மை வரம்பு. எதிர்ச்சொல்லாக, சிறு பகாக் காரணியே இல்லாத 'ரஃப்' எண்ணுக்குத் திண்ணெண். 720721-இன் பகாக் காரணிகள் 71-க்குக் குறையாதவை என்பதால் அது 71-திண்ணெண். தனிக்குறில் முன் ஒற்று இரட்டும் விதி இரண்டு சொல்லுக்கும் ஒரேபோல் பொருந்தியது தற்செயல், எனக்கு மகிழ்ச்சி.

'நோயெண்' என்று படித்துவிடுவார்கள் என்றொரு நண்பர் தனிமடலில் கேலி செய்தார். ஒருமுறை படிப்பார்கள், மறுமுறை படிக்க மாட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. 13-ஐத் தாண்டிய பகாக் காரணி இல்லாத எண்ணை '13-நொய்யெண்' என்றால், பதின்மூன்றாவது நொய்யெண் என்று தோன்றாதா? '13-வரம்பு நொய்யெண்' என்றால் நீள்கிறது. தெளிவுக்காக நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என நினைக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றுகிறதா?