புதுப்பிப்பு: வில்லியம் ஹேக்கெட் விட்டுவர மறுத்த அந்த இன்னொருவர்

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைக்குச் சுரங்கம் தோண்டிய நிலக்கரித் தொழிலாளி ஹேக்கெட்டைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன், இடிந்த சுரங்கத்துக்குள் அவரோடு கடைசிவரை மாட்டிக்கொண்டவர் யார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அவர் தாமஸ் காலின்ஸ், வேல்ஸில் உள்ள சுவான்சி ஊரின் பட்டாளத்துக்காரர், வயது 22.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: 1916 ஜூன் 22, பிரான்சில் ஜிவான்ஷி. ஜெர்மானியர் வெடிக்கவைத்த கண்ணிவெடியில் சுரங்கப்பாதை இடிந்து ஐந்து பேர் உள்ளே. ஏறக்குறைய 20 மணி நேரம் தோண்டி ஒரு ஓட்டை போட்டதும் மூன்று பேரை ஹேக்கெட்தான் வெளியே ஏற்றிவிட்டார். அவரும் வந்திருக்கலாம், உடம்பில் காயமே இல்லை. ஆனால் காலின்ஸ் பலத்த காயத்தோடு கிடந்தார், அவரை விட்டு வர முடியாது என்று ஹேக்கெட் சொல்லிவிட்டார், பாதை மறுபடி இடிந்தது, நாலு நாள் தோண்டியும் எட்ட முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வயதாகிவிட்டது என்று காலாட்படை மூன்று முறை திருப்பி அனுப்பிய மனிதர் ஹேக்கெட், அப்புறம் 1915-இல் சுரங்கம் தோண்ட ஆள் தேவைப்பட்டபோதுதான் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது நியாயம், ஆனால் காலின்ஸ் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பேன். இருவர் உடலும் இன்னும் அங்கேதான், கிட்டத்தட்ட 12 மீட்டர் ஆழத்தில். 2010-இல் அந்த இடத்தருகே சுரங்கப்படையினருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவசியம் பாருங்கள்.